நாற்பது நொடி

கிளுவை வேலியின் மூன்றாவது முடக்கில்
முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன் கேமராவை.
என் முழங்கால் இல்லை.
வெள்ளாட்டுக் குட்டியின் முழங்கால்.
வெருகின் கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே.

மூலனூருக்குத் தெற்கே
நாற்பத்தாறாம் எண் காற்றாலைக்கும்
தூர்ந்த கிணற்றுக்கும் நடுவில்
ஒரு கொறங்காடு.
ஷிப்ட் முடிந்து நேராக வருவேன்,
மெமரி கார்டை உருவி
பைக் டேங்க் மேல் லேப்டாப்பை வைத்துப் பார்ப்பேன்.

முதல் வாரம் ஆயிரத்து நூற்றெட்டுப் படம்.
ஆயிரத்தில் கொழுக்கட்டைப் புல் ஆடுகிறது.
மீதியில் செம்மறிகள், ஒரு கீரி,
பிறகு ஒதுங்க வந்தவர் ஒருவர்
கேமராவைக் கண்டதும்
வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிடுகிறார்.
அவரை அழித்துவிட்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு வால்.
கறுப்பு வளையம் இரண்டு, நுனியும் கறுப்பு.
எண்பது மீட்டர் உயரத்தில்
பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும்போதும்
அந்த வாலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
கேமராவை ஒரு சாண் கிழக்கே திருப்பினேன்.

பதினேழாம் தேதி, விடிகாலை 4.12.
முழுசாக வந்திருந்தது.
காது நுனியில் மயிர்க் குச்சம்,
முன்னங்காலில் மங்கிய பட்டை,
கண் இரண்டும் வெள்ளிக்காசு.
வாயில் ஒரு கோழி.
கோழியின் காலில் ஒரு துணி.

பனியன் வேஸ்ட்டில் கிழித்த துண்டு.
இரவுப் படத்தில் நிறம் விழாது,
ஆனால் சிவப்பு என்று எனக்குத் தெரியும்.
குணவதியக்கா தன் கோழிக்கெல்லாம் அதைத்தான் கட்டுவார்.

மறுநாளே கேட்டார்.
“ஏனுங் தம்பி, உங்க பொட்டி
ராவெல்லாம் முழிச்சுட்டுத்தான கெடக்குது.
நாலு கோழியக் காணமுங்க. நாயா, ஆளா?”

“நாயாட்டத்தான் தெரியுதுங்க” என்றேன்.
போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில்
குருணை மருந்து தடவிய கறித்துண்டு.
விடிந்தபோது இரண்டு கீரி, ஒரு வெருகு,
அவர்களுடைய நாயும்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.
“நாய் புடிச்சா றெக்கைய எறைச்சுட்டுப் போகுமுங்க.
இது அலுங்காமத் தூக்கீட்டுப் போயிருக்குது.
வெருவு.”

காட்டினேன்.
போனைப் போல நினைத்து
இரண்டு விரலால் திரையை விரித்தார்.
படம் பெரிதாகவில்லை.
வெருகின் முதுகில் தவிடு ஒட்டியது.

“பொட்டைங்க இது.
மடி எறங்கியிருக்குது பாருங்க.”

முந்நூறு தடவை பார்த்திருப்பேன்.
மீசையை, ஃபோகஸை,
கண்ணின் வெளிச்சத்தை,
எந்தப் போட்டிக்கு அனுப்பலாம் என்பதை.
மடியைப் பார்க்கவில்லை.

“கோழி நானூத்தம்பதுங்க.
நாலும் அதுதான்னு நாஞ் சொல்ல மாட்டேன்.
ஒன்னுக்குக் குடுங்க, போதும்.”
எண்ணி வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்தார்.
மருந்தைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவரும் பேச்சை எடுக்கவில்லை.
இரண்டு நாள் கழித்து
காற்றாலை உச்சியிலிருந்து பார்த்தேன்,
கோழிக்கூண்டுக்குப் புதுக் கம்பிவலை
வெயிலில் பளபளத்தது.
அது நிம்மதியா என்றால்
தெரியவில்லை. கறித்துண்டு
அத்தனை உயரத்திலிருந்து தெரியாது.

நேற்று எடுத்த கார்டில் கடைசி மூன்று படம்.

நான் பேட்டரி மாற்றுகிறேன்,
மூக்கு மட்டும் சட்டம் நிறைய.
எழுந்து போகிறேன், என் முதுகு,
கிரீஸ் அப்பிய கம்பெனிச் சட்டை.
மாலை 6.03, எட்டாவது நொடி.

அடுத்தது 6.03, நாற்பத்தெட்டாவது நொடி.
நான் மண்டியிட்ட இடத்தில்
மூக்கை மண்ணில் வைத்து நிற்கிறது.
ஃபோகஸ் இல்லை. பாதி உடம்பு வெளியே.
பின்னால் புல்லுக்குள் இரண்டு முக்கோணம்,
காதோ இலையோ.

அந்நேரம் நான்
ஸ்டார்ட் ஆகாத பைக்கை
உதைத்துக்கொண்டிருந்திருப்பேன்.